கரைவலைப் பாட்டை எந்தப் பெட்டியில் போடுவது?

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஊர்ப் பாட்டைப் பதிகிற இந்த வேலை ஆரம்பித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம், பாம்பன், வேதாளைப் பக்கம் ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை பொத்துவார்கள், கேட்டால் பாடுவார்கள். நாங்கள் நாலு பேர், ஒரு கைப்பதிவுக் கருவி, இரண்டு மைக். கச்சான் காற்று எழுந்துவிட்டால் மைக்கில் பாட்டு இருக்காது, காற்றுதான் பாடும். அதனால் விடியற்காலையிலேயே முடித்துவிடுவோம்.

கடைசியில் கையில் மிஞ்சியது பத்துப் பாட்டு, மொத்தம் 44 நிமிடம். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா, முளைப்பாரிக் கும்மி, தாலாட்டு, ஒப்பாரி என்று ஏழு பாட்டு புதிதாகப் பதிந்தவை. மீதி மூன்றும் 1987-இல் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் டேப் ரெக்கார்டரில் பிடித்தவை. அந்த மூன்றும் சேர்ந்து 13 நிமிடம். அவற்றில் பாடுவது என் அத்தை, முப்பத்தைந்து வயதுக் குரலில். புதிய பதிவில் ஒப்பாரி வைப்பதும் அதே அத்தைதான், எழுபத்து மூன்று வயதுக் குரலில்.

"இதை ஏதாவது விருதுக்கு அனுப்பலாமே" என்று யாரோ சொன்ன நாளில் இருந்து வீட்டில் ஒரே பேச்சு. எந்த விருதுக்கு, எந்தப் பிரிவில்? விதிகளை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு விருதும் பாட்டைக் கேட்பதற்கு முன் ஒரு பெயரைக் கேட்கிறது. இருபத்திரண்டு பேர் சேர்ந்து கயிறு இழுத்துப் பாடிய பாட்டுக்கு யார் பெயரை எழுதுவது? இந்தக் கேள்வியை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் கிராமி என்ற அமெரிக்க இசை விருது, எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள் என்பதால். அதில் 'ஃபோக்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாட்டார் பாட்டுக்கு ஃபோக் பிரிவு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஜெயித்தவர்களின் பட்டியலைப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. 2018-இல் ஏமி மேன், 2024-இல் ஜோனி மிட்செல், 2025-இல் கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும். எல்லாரும் பெரிய கலைஞர்கள், சந்தேகமில்லை. ஆனால் சொந்தமாகப் பாட்டு எழுதி, பெரும்பாலும் கிட்டாரோடு, ஆங்கிலத்தில் பாடுகிறவர்கள். அங்கே ஃபோக் என்றால் அமெரிக்க மரபும் அதை ஒட்டி வளர்ந்த பாடலாசிரியர் மரபும். நம் அம்பாவை அங்கே போட்டால் குற்றமில்லை, ஆனால் கிராமியைக் கொடுக்கிற ரெக்கார்டிங் அகாடமியில் பிரிவு பார்க்கும் குழு அதை வேறு பிரிவுக்குத் தூக்கிவைத்துவிடும். நாம் எழுதுகிற பிரிவே கடைசிப் பிரிவு என்று அவர்கள் வைத்துக்கொள்வதில்லை.

'ரீஜனல் ரூட்ஸ்' என்ற பிரிவும் உண்டு. வட்டார வேர் இசை என்று பெயரைக் கேட்டதும் ராமநாதபுரம் என்று வாயில் வரும். அது ஹவாய், கேஜன், ஸைடிகோ, போல்கா போன்ற அமெரிக்க வட்டார இசைகளுக்கானது. நமக்கில்லை.

நமக்கு மிஞ்சுவது 'குளோபல் மியூசிக்'. 1992-இல் 'வேர்ல்ட் மியூசிக்' என்ற பெயரில் தொடங்கிய பிரிவு இது. முதல் ஆண்டே மிக்கி ஹார்ட்டின் தாள வாத்திய ஆல்பம் வாங்கியது. அதில் விக்கு விநாயக்ராமின் கடமும் இருந்தது. 2020-இல் பெயரை 'குளோபல்' என்று மாற்றினார்கள். 2024-இல் சக்தி குழு வாங்கியபோது சங்கர் மகாதேவன், ஜாகிர் உசேன், செல்வகணேஷ் என்று நம் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. ஆக, தமிழ்நாட்டுக் கைகளுக்கு இது ஒன்றும் புதிய இடம் இல்லை. ஆனால் அதே பிரிவில் 2021-இல் வாங்கியவர் நைஜீரியாவின் பர்னா பாய், 2022-இல் ஆஞ்சலிக் கிட்ஜோ. உலகம் முழுக்க அரங்கு நிறைக்கிறவர்கள். வேதாளைக் கரையில் கயிறு இழுக்கிறவர்களும் பர்னா பாயும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். விதியில் அதற்குத் தடையில்லை. நிற்கலாம். யார் காதில் விழும் என்பது வேறு விஷயம்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2004 முதல் 2011 வரை இந்த உலக இசைப் பிரிவு மரபிசைக்கு ஒன்று, தற்கால இசைக்கு ஒன்று என்று இரண்டாக இருந்தது. மரபிசைக்கான விருதை 2004-இல் வாங்கியவர்கள் இமாசலப் பிரதேசத்து ஷெராப் லிங் மடத்தின் திபெத்தியத் துறவிகள். மேடைக் கலைஞர்கள் இல்லை. அவர்கள் தினமும் ஓதுவதைப் பதிந்து அனுப்பினார்கள், விருது வந்தது. நம் பாட்டுக்குப் பொருத்தமாக ஒரு இடம் இருந்தது என்றால் அதுதான். 2011-இல் கிராமிப் பிரிவுகளை 109-இலிருந்து 78 ஆகக் குறைத்தபோது அந்தப் பிரிவினையும் போயிற்று. ஃபோக்கில் 1987 முதல் இருந்த மரபு, தற்காலம் என்ற பிரிவினையும் அதே கையோடு போயிற்று. இன்று இரண்டு இடத்திலும் பாட்டி பாட்டும் ஸ்டுடியோப் பாட்டும் ஒரே தராசில்.

2022 முதல் 'குளோபல் மியூசிக் பெர்ஃபார்மன்ஸ்' என்று இன்னொன்றும் கொடுக்கிறார்கள். இது ஒரே ஒரு பாட்டுக்கானது, ஆல்பம் தேவையில்லை. முதல் ஆண்டில் பாகிஸ்தானைச் சேர்ந்த அரூஜ் அஃப்தாப் வாங்கினார். ஒன்றுதான் அனுப்புவேன் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். எங்கள் கரைவலை அம்பாவில் ஒன்று நாலு நிமிடம். முதலில் ஒற்றைக் குரல், பிறகு கூட்டம், கடைசியில் மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வரும்போது வேகம் கூடி, பாட்டு வெறும் மூச்சாக மாறிவிடும். அதைத் தனியாகக் கேட்டால் ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார வாய்ப்பிருக்கிறது. 44 நிமிடமும் கேட்பார்களா என்றால் மாட்டார்கள். வாக்களிக்கிற உறுப்பினருக்குப் பொதுப் பிரிவுகள் போக மூன்று துறைகளுக்குள் அதிகபட்சம் பத்துப் பிரிவுகளில்தான் வாக்கு. அந்தப் பத்தில் குளோபலைச் சேர்க்கிறவர் எத்தனை பேர், சேர்த்தாலும் முழு ஆல்பம் கேட்கிறவர் எத்தனை பேர்?

சரி, ஆல்பமாகவே அனுப்புவதென்றால் என்ன வேண்டும்? ஐந்து வெவ்வேறு பாட்டும் 15 நிமிடமும் இருந்தால் ஆல்பம். அல்லது பாட்டின் எண்ணிக்கை எப்படியிருந்தாலும் 30 நிமிடம் இருந்தால் ஆல்பம். அதில் நமக்குக் கவலையில்லை. இடிக்கிற இடம் வேறு. ஆல்பத்தின் ஓடும் நேரத்தில் 75 சதவீதத்துக்கு மேல் புதிய பதிவாக இருக்க வேண்டும். புதியது என்றால் வெளியீட்டுக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் பதிந்தது, அதற்கு முன் வெளிவராதது. எங்கள் கேசட் பாட்டு எங்கும் வெளிவரவில்லை என்பது உண்மைதான், ஆனால் பதிந்தது 1987. 44-இல் 13 போனால் 31. அதாவது எழுபது சதவீதமும் கொஞ்சமும். தேறாது.

இரண்டு வழி இருக்கிறது. நாலு நிமிடக் கேசட் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டால் மொத்தம் 40, புதியது 31, அதாவது 77.5 சதவீதம். தேறிவிடும். அல்லது மூன்றையும் வைத்துக்கொண்டு எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புதிதாகப் பதிய வேண்டும். குழுவில் ஒருவர் கேசட்டையே தூக்கிவிடலாம் என்றார், அதில் இரைச்சல் அதிகமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்தையின் இரண்டு குரலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் இந்த ஆல்பத்தின் உயிர். அடுத்த தடைக்காலத்தில் இன்னும் இரண்டு பாட்டுப் பதிந்தால் தீர்ந்தது. மண்டபம் பக்கம் கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சிலர் பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய கேசட்டை மட்டும் தனியாக 'ஹிஸ்டாரிகல் ஆல்பம்' பிரிவுக்கு அனுப்பலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பார்த்தேன். அந்த விருது தொகுப்பைத் தயாரித்தவருக்கும் ஒலியைச் சீர்செய்து மாஸ்டரிங் செய்தவருக்கும் போகிறது. பாடியவருக்கு இல்லை. அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிட்டேன்.

அப்புறம் யார் பெயர் என்ற கேள்வி. ஆல்பத்துக்கான விருது, ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் பங்குள்ளவர்களுக்கு. அத்தை மூன்று பாட்டில் இருக்கிறார், ஒப்பாரியோடு சேர்த்து நாலு. பாதி வராது. கயிறு இழுத்தவர்களில் முன்குரல் கொடுத்தவருக்கு இரண்டு பாட்டு. அவருக்கும் வராது. தனித்தனி ஆளாகப் போட்டால் கடைசியில் நேரக் கணக்கில் பாதியைத் தாண்டுகிற ஒரே ஆள் பதிவு செய்த நான்தான். இதைவிடக் கேவலம் உண்டா! எனவே பாடியவர்கள் எல்லாரையும் ஒரு குழுவாக்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரில்தான் வெளியிட வேண்டும். அன்று கரையில் நின்ற இருபத்திரண்டு பேரின் பெயரும் உள்ளே வரும். கிராமிக்குப் போகாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் நிகழ்த்துகிறவருக்கு உரிமை இருக்கிறது, 50 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. பாட்டு ஊர்ச் சொத்து, யாரும் பாடலாம். ஆனால் அந்தக் காலையில் அந்தத் தொண்டை பாடியது அந்த ஆளுடையது. கையெழுத்து வாங்காமல் அம்பாவை வெளியிடுவது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியே மடி மீன் முழுவதையும் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி.

மிக்ஸிங்குக்கு வெளியூர் ஸ்டுடியோ ஒன்றுக்குப் போனபோது இதில் ஒரு கசப்பு ஏற்பட்டது. கீபோர்டும் பேஸும் சேர்த்து "கொஞ்சம் நிரப்பிக் கொடுக்கிறேன்" என்றார்கள், கூடவே இசையமைப்பாளர் என்று தங்கள் பெயரைப் போடச் சொன்னார்கள். அம்பாவுக்கு இசையமைப்பாளர் அலைதான். மரபுப் பாடல் என்று போட்டுவிட்டு, பதிவை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். இரைச்சலை நீக்கச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பயன்படுத்தினால் தகுதி போய்விடுமோ என்று ஒரு பயம் இருந்தது. 2023-இல் கிராமி கொண்டுவந்த விதி சொல்வது இதுதான்: மனிதர் படைக்காததற்கு விருதில்லை, மனிதப் படைப்பில் கருவியாக அது வந்தால் பரவாயில்லை. காற்றைக் குறைக்கலாம். பாடுகிறவரை உருவாக்கக் கூடாது.

மற்ற நிபந்தனைகள் சின்னச் சின்னவை, ஆனால் காலை வாருபவை. ஆல்பம் அமெரிக்காவில் பொதுவாகக் கிடைக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்களில் உலகம் முழுக்க வெளியிட்டால் போதும். 2026 விழாவுக்கான வெளியீட்டுக் காலம் 2024 ஆகஸ்ட் 31 முதல் 2025 ஆகஸ்ட் 30 வரை இருந்தது. ஒரு நாள் தவறினால் அடுத்த ஆண்டுக் கணக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டுகிற, 12 எழுத்துள்ள ஐ.எஸ்.ஆர்.சி. எண் வேண்டும். நாமாகவே நேரடியாக அனுப்ப முடியாது. அகாடமி உறுப்பினரோ, பதிவு செய்துகொண்ட இசை நிறுவனமோதான் அனுப்பலாம், அதற்குக் கட்டணமும் உண்டு.

இந்த இடத்தில்தான் ஆட்கள் புகுகிறார்கள். எனக்கு ஒரு போன் வந்தது. "கிராமி நாமினேஷன் வாங்கித் தருகிறோம்" என்று ஒரு தொகை சொன்னார்கள். சொன்ன தொகைக்கு ஒரு ஃபைபர் வத்தைப் படகே வாங்கிவிடலாம். ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அனுப்புவது வேறு, நாமினேஷன் வேறு. தகுதியுள்ள எதையும் அனுப்பலாம். வாக்கெடுப்பில் தேறி, இந்த மாதிரிப் பிரிவுகளில் பொதுவாக ஐந்து என்று வருவதுதான் நாமினேஷன். "கிராமிப் பரிசீலனையில் எங்கள் ஆல்பம்" என்று போஸ்டர் அடிப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். அதற்குக் காசு கொடுத்து ஏமாற வேண்டாம்.

சாங்லைன்ஸ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 2009 முதல் விருது கொடுத்து வருகிறது. உலகத்தைக் கண்டங்களாகப் பிரித்து, ஆசியாவுக்கும் பசிபிக்குக்கும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். இசைக்கலவைக்கும் புதியவர்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது, காரணம் ஒன்றுதான். அங்கே மரபிசை கேட்டுப் பழகிய காதுகள் இருக்கின்றன. கீபோர்டு இல்லையே என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெளியிட்ட கையோடு விமர்சனத்துக்கு ஒரு பிரதி அனுப்புவதில் நஷ்டமில்லை. விருது வராவிட்டாலும் நாலு வரி விமர்சனம் வந்தால் அதுவே பெரிது.

இப்போது நம் ஊர்ப் பக்கம். இங்கே கதை தலைகீழ். ஒலிப்பதிவுக்கு விருதில்லை, ஆளுக்குத்தான் விருது. சங்கீத நாடக அகாதமி 1953-இல் தொடங்கியது. நாட்டார் கலைகளுக்கும் விருது கொடுக்கிறது, தொகை ஒரு லட்சம். 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 2006 முதல் உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார், தொகை 25 ஆயிரம். பத்மஸ்ரீயில் நாட்டுப்புறக் கலைக்காக விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் 2018-இல், பறைக்காக வேலு ஆசான் 2025-இல். இவையெல்லாம் பல ஆண்டு மேடை கண்டவர்களுக்கு. எங்கள் அத்தை மேடை ஏறியதே இல்லை. அவர் பாடியது கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும்.

அத்தைக்கு நெருக்கமாக இருப்பது மாவட்டக் கலை மன்ற விருதுதான். ராமநாதபுரத்திலேயே கிடைப்பது. வயது வாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-உம் அதற்கு மேலும் கலை முதுமணி. ஏற்கெனவே தேசிய, மாநில, மாவட்ட விருது வாங்கியவர்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அதனால் பெரிய கலைஞர்களோடு மோத வேண்டாம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, கலை அனுபவத்துக்கு ஆதாரம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் எங்கள் ஒலிப்பதிவு உதவும். மேடைச் சான்றிதழ் இல்லாதவருக்கு 1987 கேசட்டைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

குறை இல்லாமலில்லை. இந்த விருது ஒருவருக்கு. அம்பா பாடிய இருபத்திரண்டு பேருக்கு இதில் வழியே கிடையாது. கும்மிக்கும் அப்படித்தான். ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் மட்டும் பொருந்தும், ஏனென்றால் அவை ஒற்றைக் குரல். ஆக, கூட்டப் பாட்டை வெளிநாட்டுப் பிரிவுகள் குழுவாக ஏற்கும், ஆனால் ஆளைத் தெரியாது. நம் ஊர் விருதுக்கு ஆளைத் தெரியும், கூட்டத்தை ஏற்காது.

எனவே நான் இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் வரிசை மட்டும் மாற்றினேன். குழுவில் மற்றவர்களுக்கு முதலில் கிராமி, பிறகு மற்றவை என்றுதான் ஆசை. புதிய பதிவுகளுக்கு விதி கொடுத்திருப்பது ஐந்து ஆண்டு. ஒலிப்பதிவு அதுவரை கெட்டுப்போகாது. எழுபத்து மூன்று வயதுக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் அத்தையின் விண்ணப்பம். அடுத்த தடைக்காலத்தில் பாசிப் பெண்களின் பாட்டு. அதற்குள் இருபத்திரண்டு கையெழுத்து. பிறகு குழுப் பெயரில் வெளியீடு, பாம்பன் கடல் ஓசை 90.4 வானொலியில் ஒலிபரப்பக் கேட்பது, சாங்லைன்ஸுக்கு ஒரு பிரதி. கிராமிக்கு அந்த நாலு நிமிட அம்பா மட்டும், அதுவும் அனுப்பித் தர ஒரு நேர்மையான உறுப்பினர் கிடைத்தால்.

இதில் முதல் படியிலேயே ஒரு சிக்கல். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அத்தை பிறந்தது 1952. ஆதாரில் 01.01.1962. அட்டை எடுத்த அன்று யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. ஆதார்படி பார்த்தால் அவர் முதுமணி இல்லை, நன்மணி. பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்தலாம், அதற்கும் அவர்கள் ஏற்கிற சான்று வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவரிடம் எங்கே போய்த் தேடுவது? திருத்தம் முடிகிற வரை காத்திருப்பதா, நன்மணியிலேயே போடுவதா என்று அத்தையிடமே கேட்டேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"பத்து வயசு கொறச்சுத் தாராக, வேணாங்கவா செய்வாக? எழுதுய்யா."